விடிகாலையில் விக்கித் தடுமாறும் லொறி

குளிர் மலைநாட்டில் பழைய டீசல் வாகனம் வைத்துப் பிழைக்கும் குடும்பங்களுக்குச் சில விளக்கங்கள்

நுவரெலியா, நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன், பொகவந்தலாவ என்று மலையகத்தின் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், சுபஹ் பாங்கொலி ஓய்ந்த கையோடு இன்னோர் ஓசை எழும். அது லொறிகளைக் கிளப்பும் ஓசை. கரட்டும் லீக்ஸும் கோவாவும் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்கும் பேலியகொடைக்கும் போகவேண்டிய லொறி ஒன்று. கொழுந்து மடுவத்திலிருந்து பச்சைக் கொழுந்தைத் தொழிற்சாலைக்குச் சேர்க்கவேண்டிய லொறி ஒன்று. கடைக்குச் சரக்கெடுக்கப் புறப்படும் லொறி இன்னொன்று.

திறப்பைத் திருப்பியதும் கிளம்பிவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அது இருமி, குலுங்கி, வெள்ளைப் புகையைக் கக்கி நின்றுவிட்டாலோ அன்றைய பொழுதே மாறிப்போகும். காய்கறி காத்திருக்காது, சந்தையும் காத்திருக்காது. பறித்த கொழுந்து வாடினால் தரம் குறையும். மாதம் தவறாமல் கட்டவேண்டிய லீசிங் தவணை வேறு இருக்கிறது.

“லொறி ஆண்கள் சமாசாரம். குடும்பப் பத்திரிகையில் அதற்கென்ன வேலை?” என்று சில சகோதரிகள் நினைக்கக்கூடும். அந்த லொறியை வாங்க எத்தனை வீடுகளில் பெண்களின் நகை அடகுக்குப் போயிருக்கிறது என்பதை நாம் அறிவோம். கராஜுக்குக் கொடுக்கும் பணம் பிள்ளைகளின் படிப்புச் செலவிலிருந்தும் அடுப்படிச் செலவிலிருந்தும்தான் எடுக்கப்படுகிறது. காலையில் எஞ்சின் எப்படிக் கிளம்பியது, எத்தனை தடவை அடித்தது, எந்த நிறத்தில் புகை வந்தது என்பதை வீட்டிலிருந்தே கேட்டும் பார்த்தும் அறிகிறவர்களும் பெண்களே. நோய் இன்னதென்று தெரியாமல் மருந்துக்குச் செலவழிப்பதைப் போல, கோளாறு இன்னதென்று தெரியாமல் உதிரிப்பாகங்களுக்குச் செலவழிக்கிறோம். அதைத் தவிர்க்கத்தான் இக்கட்டுரை.

இன்னொரு காரணமும் உண்டு. 2020 மார்ச் மாதத்தில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டு தொடக்கத்தில்தான் அது பரவலாகத் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய லொறிகளை வைத்தே எல்லோரும் காலம் தள்ள வேண்டியிருந்தது. இன்றும் இருபது, முப்பது வயதான எல்ஃப், கென்டர், டைனா லொறிகள் நம் மலைப்பாதைகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றைப் பேணத் தெரிந்திருப்பது குடும்பத்துக்கு நன்மையே.

தீப்பொறி இல்லாத நெருப்பு

டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர். ருடொல்ஃப் டீசல் என்ற பொறியியலாளர் ஜெர்மனியின் ஒக்ஸ்பேர்க் நகரில் 1897ஆம் ஆண்டில் தமது எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். பெற்றோல் எஞ்சினில் பிளக் தீப்பொறி தட்டி எரிபொருளைப் பற்றவைக்கும். டீசல் எஞ்சினில் அந்தத் தீப்பொறி கிடையாது. பிறகு எப்படி எரிகிறது?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பைத் தொட்டுப் பாருங்கள். நாலைந்து முறை அடித்ததும் அடிப்பகுதி சுடும். காற்றை அழுத்தினால் சூடேறும் என்பதற்கு அதுவே சாட்சி. டீசல் எஞ்சின் காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நசுக்குகிறது. அப்போது அந்தக் காற்றின் வெப்பம் 500 பாகை செல்சியஸையும் தாண்டும். அந்தக் கணத்தில் டீசலைப் பன்னீர்ச் செம்பிலிருந்து தெளிப்பதுபோல் மிக நுண்ணிய தூவலாகப் பீய்ச்சினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். அப்படிப் பீய்ச்சும் மூக்கைத்தான் பாஸ்மார் ‘நொசில்’ என்கிறார்கள். சரியான வேளையில் சரியான அளவு டீசலை அந்த நொசிலுக்குத் தள்ளிக் கொடுப்பது இன்ஜெக்ஷன் பம்ப். ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் 1927இல் இந்தப் பம்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பிறகே டீசல் எஞ்சின் லொறிகளில் பரவலாக ஏறியது.

ஆகவே டீசல் எஞ்சின் கிளம்ப மூன்று விஷயங்கள் வேண்டும். காற்று நன்றாக நசுங்கிச் சூடாக வேண்டும். டீசல் தூவலாக வர வேண்டும். இரண்டும் சரியான நேரத்தில் சந்திக்க வேண்டும். கோளாறு எதுவானாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கும்.

மலைக் குளிர் செய்யும் வேலை

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில விடிகாலைகளில் புல்வெளியில் உறைபனி விழுந்து தேயிலைத் தளிரைக் கருக்கிவிடுவதையும் காண்கிறோம். இந்தக் குளிர் எஞ்சினைப் பல பக்கமாகத் தாக்குகிறது.

நசுங்கிய காற்றின் சூட்டைக் குளிர்ந்த இரும்புச் சுவர் உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சின் ஒயில் தடித்து, சுழற்சியை மந்தப்படுத்தும். பெட்டரியின் சக்தியும் குறையும். இவற்றோடு உயரத்தின் தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. நுவரெலியாவில் காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நசுக்குவதற்கு உள்ளே வரும் காற்றே குறைவு என்றால் கிடைக்கும் சூடும் குறையத்தானே செய்யும்? கொழும்பில் ஒரே அடியில் கிளம்பும் லொறி நானுஓயாவில் முரண்டு பிடிப்பதன் இரகசியம் இதுதான். மலைநாடு புதிய கோளாறு எதையும் உண்டாக்குவதில்லை. கீழ்நாட்டில் மறைந்திருந்த கோளாறை வெளியே கொண்டுவருகிறது.

எந்த வகைத் தடுமாற்றம்?

“காலையில் ஸ்டார்ட் ஆகுதில்லை” என்று மட்டும் கராஜில் சொன்னால் போதாது. தடுமாற்றத்தில் வகை உண்டு.

முதல் வகை: எஞ்சின் பிடிக்கிறது, ஆனால் குலுங்கிக் குலுங்கி, ‘டக்... டக்’ என்று ஒன்றிரண்டு சிலிண்டர்களில் மட்டும் ஓடுகிறது. கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை வருகிறது. ஓரிரு நிமிடத்தில் தானாகச் சீராகிவிடுகிறது. பிறகு நாள் முழுக்கக் குறையில்லை. இப்படியானால் முதலில் சந்தேகிக்கவேண்டியது ஹீட்டர் பிளக்.

இரண்டாம் வகை: எஞ்சின் உடனே கிளம்பிச் சில விநாடி நன்றாக ஓடி, பிறகு தடுமாறி நின்றுவிடுகிறது. அதன்பின் நெடுநேரம் அடித்தால்தான் மீண்டும் கிளம்புகிறது. இது டீசல் குழாயில் எயர் புகுந்ததற்கான அடையாளம். இரவில் எங்கோ ஓர் இடுக்கு வழியாகக் காற்று நுழைய, குழாயிலிருந்த டீசல் தாங்கிக்குத் திரும்பி வடிந்துவிடுகிறது.

மூன்றாம் வகை: காலையில் மட்டுமல்ல, ஏற்றத்திலும் இழுக்க மறுக்கிறது, சூடான பின்னும் சீராகவில்லை. இங்கே அடைபட்ட ஃபில்டர், தண்ணீர் கலந்த டீசல், பழுதான நொசில் ஆகியவற்றைத் தேட வேண்டும்.

நான்காம் வகை: ஸ்டார்டரே சோம்பலாகச் சுழல்கிறது. இது பெட்டரி, வயர், ஸ்டார்டர் ஆகியவற்றின் பிரச்சினை. பம்பையோ நொசிலையோ தொட வேண்டியதில்லை.

மலையகத்தில் நமக்கு ஓர் இலவசப் பரிசோதனையும் உண்டு. அதுதான் சரிவு. ஒரு நாள் இரவு லொறியின் மூக்கு மேட்டைப் பார்த்திருக்கும்படி நிறுத்துங்கள். மறுநாள் இரவு மூக்கு பள்ளத்தைப் பார்க்கட்டும். (இரண்டு நாளும் சில்லுக்குக் கட்டை கொடுக்க மறக்க வேண்டாம்.) மேட்டைப் பார்த்து நின்ற இரவுக்குப் பிறகு மட்டும் தடுமாறினால், தாங்கி எஞ்சினுக்குக் கீழே இருந்ததால் டீசல் பின்வாங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். எயர் புகும் இடத்தைத் தேட வேண்டும். இரண்டு இரவும் ஒரேமாதிரி என்றால் ஹீட்டர் பிளக் பக்கம் திரும்பலாம்.

புகை சொல்லும் சேதி

வெள்ளைப் புகை, கண்ணை எரித்து டீசல் வாடை வீசினால்: டீசல் உள்ளே போயும் எரியவில்லை. சூடு போதவில்லை என்று பொருள்.

வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால்: தண்ணீர் எஞ்சினுக்குள் கசிகிறது. ஹெட் கஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். அதுவரை வண்டியை ஓட்டாமலிருப்பதே நல்லது.

நீலப் புகை: எஞ்சின் ஒயில் எரிகிறது. ரிங், வால்வு சீல் தேய்ந்திருக்கலாம்.

கறுப்புப் புகை: டீசல் அதிகம், காற்றுக் குறைவு. முதலில் எயார் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள்.

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்

வைத்தியத்தில் எடுத்த எடுப்பில் சத்திரசிகிச்சைக்குப் போவதில்லை. எஞ்சினுக்கும் அதே முறைதான்.

முதலாவது பெட்டரி. முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பூப்பைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்து, இறுக்கிப் பூட்ட வேண்டும். பெட்டரியிலிருந்து சட்டத்துக்குப் போகும் எர்த் வயரையும் பார்க்க வேண்டும். நல்ல நிலையிலுள்ள 12 வோல்ட் பெட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 24 வோல்ட் லொறிகளில் இரண்டு பெட்டரிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். அவற்றில் ஒன்றிலிருந்து மட்டும் ரேடியோவுக்கு வயர் இழுத்தால் அந்த ஒன்று மெலிந்து, காலையில் இரண்டையும் கீழே இழுத்துவிடும்.

இரண்டாவது ஹீட்டர் பிளக். திறப்பை முதற்கட்டத்துக்குத் திருப்பியதும் சுருள் வடிவ மஞ்சள் விளக்கு எரியும். அது அணையும்வரை பொறுத்த பிறகே அடிக்க வேண்டும். அவசரக்காரர்கள் இதைச் செய்வதில்லை. விளக்கு எரிந்து அணைந்துவிட்டது என்பதற்காகப் பிளக் வேலை செய்கிறது என்று எண்ணிவிடவும் கூடாது. பல வாகனங்களில் அந்த விளக்கு நேரக் கணக்குப்படி அணைவதேயன்றிப் பிளக்கைப் பார்த்து அணைவதில்லை. சோதனை எளிது. பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, வாகனத்தின் வோல்டுக்குப் பொருத்தமான சோதனை விளக்கின் ஒரு முனையைப் பெட்டரியின் பொசிட்டிவிலும், மறுமுனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வைக்க வேண்டும். விளக்கு எரிந்தால் பிளக்கின் உட்கம்பி அறுந்துபோகவில்லை. எரியாவிட்டால் அந்தப் பிளக் செத்தது. எல்லாப் பிளக்கும் நன்றாக இருந்தும் சூடேறவில்லை என்றால் ரிலேயையும் பியூஸையும் பார்க்க வேண்டும். நேரடியாக டீசல் பீய்ச்சும் வகை எஞ்சின்கள் சிலவற்றில் பிளக்குக்குப் பதிலாக, காற்று நுழையும் குழாயில் ஹீட்டர் இருக்கும்.

மூன்றாவது டீசலின் சுத்தம். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டை யார் மறப்பார்? நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். பிறகு கியூஆர் அட்டை வந்தது. கிடைத்ததைக் கிடைத்த கானில் நிரப்பி வைத்தவர்களும் உண்டு. துருவும் அழுக்கும் தண்ணீரும் அப்படித்தான் தாங்கிக்குள் போகின்றன. பாதி காலியான தாங்கியில் இரவுக் குளிரில் ஈரம் நீராகி அடியில் தங்கவும் செய்யும். மாலையில் தாங்கியை நிரப்பி வைப்பதும், ஃபில்டருக்கு அடியிலுள்ள திருகைத் திறந்து தேங்கிய தண்ணீரை வடிப்பதும், ஃபில்டரைக் காலத்தில் மாற்றுவதும் சிறு செலவில் முடிகிற காரியங்கள்.

நான்காவது எயர். ரப்பர் குழாய்கள், கிளிப்புகள், ஹேண்ட் பம்பின் சீல், ஃபில்டர் வாய் ஆகியவையே காற்று நுழையும் வாசல்கள். பம்புக்கு முன்னால் சிறு துண்டு கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக மாட்டினால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். காலையில் ஹேண்ட் பம்பைச் சிலமுறை அழுத்திய பின் உடனே கிளம்பினால் இதே காரணம் என்பது உறுதிப்படும்.

ஐந்தாவது நொசில். தூவாமல் சொட்டுகிற நொசில் குளிர் எஞ்சினில் பற்றாது. இதைக் கழற்றிப் ‘பம்ப் ரூம்’ என்று நாம் சொல்லும் டீசல் பட்டறையில் அழுத்தம் பார்த்து, தூவலைப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். எந்தச் சிலிண்டர் சோம்பல் என்று அறிய, ஓடும் எஞ்சினில் நொசில் குழாய்களை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்திப் பார்ப்பது பழைய பாஸ்மாரின் வழக்கம். தளர்த்தியும் ஓட்டத்தில் மாற்றமில்லை என்றால் அந்தச் சிலிண்டரே குற்றவாளி. ஆனால் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடக்கூடியது. பழகியவர் தவிர வேறெவரும் செய்யக் கூடாது. புதிய கொமன் ரெயில் எஞ்சின்களில் பழகியவரும் செய்யக் கூடாது.

இவற்றுக்கெல்லாம் பிறகே வால்வு இடைவெளி, கொம்ப்ரஷன் அளவு ஆகியவை. கொம்ப்ரஷன் போயிருந்தால் எஞ்சின் உடைத்துச் செய்யும் பெரிய வேலைதான்; ஆனால் அளந்து பார்க்காமல் அந்த முடிவுக்கு வரக் கூடாது.

கடைசியாகத்தான் இன்ஜெக்ஷன் பம்ப். ஓர் உதாரணம் சொல்வோம். நான்கு ஹீட்டர் பிளக்கில் இரண்டு செத்துவிட்டன. காலையில் குலுக்கல், வெள்ளைப் புகை. “பம்ப் போச்சு” என்று ஒருவர் சொல்ல, பம்பைக் கழற்றிப் பெரும் பணம் கொடுத்துத் திருத்திப் பூட்டுகிறார்கள். மறுநாள் காலையில் அதே குலுக்கல்! பணம் போயிற்று, கோளாறு போகவில்லை. உண்மையில் தேய்ந்த பம்ப் பெரும்பாலும் சூட்டில்தான் சண்டித்தனம் செய்யும். சூடேறிய டீசல் இளகி, தேய்ந்த இடுக்குகளில் நழுவிவிடுவதால், ஓடிவந்து நிறுத்திய வண்டி திரும்பக் கிளம்ப மறுக்கும். குளிரில் மட்டும் தடுமாறி, சூட்டில் நன்றாகக் கிளம்பி, சுமையோடு ரம்பொடை ஏற்றத்தையும் ஏறிவிடுகிற லொறிக்குப் பம்ப் போய்விட்டது என்று யாராவது சொன்னால், “ஹீட்டர் பிளக்கைச் சோதித்தீர்களா?” என்று தயங்காமல் கேளுங்கள். சில பம்புகளில் குளிர் வேளைக்கென்றே ஒரு மெழுகு உறுப்பு இருக்கும். எஞ்சின் தண்ணீரின் சூட்டை உணர்ந்து ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்த உறுப்பு இறுகிப்போனாலும் காலையில் தடுமாற்றம் வரும். அதற்காக முழுப் பம்பையும் உடைக்க வேண்டியதில்லை.

பெற்றோல் வாகனம் என்றால்

சிறிய பெற்றோல் இன்ஜெக்ஷன் லொறி, வான் வைத்திருப்போருக்கு வழி சற்று வேறு. அங்கே எவ்வளவு பெற்றோல் வேண்டும் என்று ஒரு சிறு கணினி தீர்மானிக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா என்று அதற்குச் சொல்வது தண்ணீர்ச் சூட்டை அறியும் சென்சர். அது பழுதாகி, குளிர்ந்த எஞ்சினைச் சூடானது என்று சொல்லிவிட்டால் பெற்றோல் போதாமல் எஞ்சின் தடுமாறும். கரி பிடித்த ஐட்ல் வால்வும் இதே தொல்லையைத் தரும். திறப்பை இரண்டு மூன்று முறை ‘ஒன்’ செய்து அணைத்து, பிறகு அடித்தால் உடனே கிளம்புகிறதா? அப்படியானால் இரவில் குழாயில் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று கொள்ளலாம்.

செய்யவே கூடாதவை

சகோதரிகளே, இந்தப் பகுதியை வீட்டிலுள்ள ஆண்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

சரிவில் உருளவிட்டுக் கியரில் போட்டுக் கிளப்பும் பழக்கம் மலையகத்தில் மிகச் சாதாரணம். எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவும் வெக்குயூமோ காற்றழுத்தமோ புதிதாக உண்டாகாது. மிச்சமிருப்பது ஓரிரு மிதிப்பில் தீர்ந்துவிடும். பவர் ஸ்டியரிங்கும் கல்லாய் இறுகும். பனிமூட்டமான விடிகாலையில், கீழே பள்ளிக்கூடத்துக்கும் மலைக்கும் ஆட்கள் நடந்து போகிற பாதையில் இப்படி ஒரு லொறி இறங்குவதை எண்ணிப் பாருங்கள். எஞ்சின் பிடிக்காமலே வளைவு வந்துவிட்டால் என்ன செய்வது?

ஈதர் கலந்த ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயையோ பெற்றோல் நனைத்த துணியையோ காற்றுக் குழாய் வாயில் பிடிப்பது இன்னோர் ஆபத்து. ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும் எஞ்சினில் அது வெடித்து, பிஸ்டனையும் ரிங்கையும் உடைத்துவிடக்கூடும். பிடிப்பவரின் கையும் முகமும் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எஞ்சினுக்கு அடியில் நெருப்பு மூட்டிச் சூடாக்குவதும் அதே வகைதான்.

டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது தீமையே. பம்பின் உட்பாகங்களுக்கு உராய்வைத் தடுப்பது டீசலின் பிசுபிசுப்புத்தான். மண்ணெண்ணெயில் அது குறைவு.

மூடிய கொட்டிலுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையில் நஞ்சுக் காற்று இருக்கிறது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012ஆம் ஆண்டில் அறிவித்திருக்கிறது. லொறியின் புகைக் குழாய் அடுப்படி ஜன்னலையோ பிள்ளைகள் தூங்கும் அறையையோ பார்த்திருந்தால், இன்றிரவே திசை மாற்றி நிறுத்தச் சொல்லுங்கள்.

ஒரு சிறு கொப்பி

இத்தனையும் படித்துவிட்டு, “நான் என்ன செய்வது?” என்று கேட்கும் சகோதரிக்கு ஒரே ஒரு வேலை. பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு நாள்தோறும் ஐந்து விஷயங்களைக் குறியுங்கள்: குளிர் கடுமையா, சாதாரணமா, லொறி மேட்டைப் பார்த்து நின்றதா, பள்ளத்தையா, எத்தனை தடவை அடித்தபின் கிளம்பியது, புகை என்ன நிறம், எவ்வளவு நேரம், எப்போது சீரானது. பக்கத்திலேயே, எந்தத் திகதியில் எந்தப் பாகம் மாற்றினோம், என்ன விலை என்றும் எழுதிவையுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வதும் நல்ல பழக்கம்.

இந்தக் கொப்பியோடு போகிறவரை நேர்மையான பாஸ் மகிழ்ச்சியோடு வரவேற்பார். அவருடைய பாதி வேலை அதில் முடிந்திருக்கும். நேர்மை குறைந்தவரோ வாய்க்கு வந்த பாகத்தைச் சொல்லுமுன் சற்று யோசிப்பார். லொறி ஓட்டுகிறவர் கணவராக இருக்கலாம், மகனாக இருக்கலாம், வாப்பாவாக இருக்கலாம். அவர் பதற்றமில்லாமல், பிரேக்கில் நம்பிக்கையோடு, வெளிச்சம் வந்த பிறகு மலையிறங்க இந்த ஒரு பக்கக் குறிப்பு உதவுமானால், அதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவது பெரிய காரியமல்ல. இன்ஷா அல்லாஹ், நாளைக் காலையிலிருந்தே தொடங்கலாம்.